போலி மருந்து இல்லாத 4,018 நாட்கள்

அந்த ஆபீஸ் வாசலில் ஒரு பலகை நிற்கிறது. ஆளுயரப் பலகை. தொழிற்சாலைகளில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி. மேலே பெரிய எழுத்தில் 'நம் நாட்டில் போலி மருந்து இல்லாத நாட்கள்'. கீழே நாலு ஆணி, ஆணிக்கு ஒரு தகடு, தகட்டுக்கு ஓர் எண். நான் முதன்முதலில் போன அன்று காலை பியூன் ஸ்டூல் போட்டு ஏறி, 7-ஐக் கழற்றி 8-ஐ மாட்டினார். 4,018. இறங்கி நின்று பலகைக்கு ஒரு சல்யூட் வைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், சல்யூட்.

அப்போது என் சட்டைப் பையில் ஏழு போலி மாத்திரை இருந்தது.

நான் தராசு ரிப்பேர் செய்கிறவன். காய்கறிக்கடைத் தராசிலிருந்து நகைக்கடைத் தராசு வரை என் கைக்கு வராதது கிடையாது. முப்பது வருஷத் தொழில். எனக்கு ஒரே மகள், பத்தொன்பது வயசு, வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு வலிப்பு. காலையில் ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. அதை விழுங்கிவிட்டால் அவளும் மற்றப் பெண்கள் மாதிரிதான். மூன்று வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. டாக்டரே பார்த்துவிட்டு, இனி சைக்கிள் ஓட்டலாம் என்று சொன்னார். அன்றைக்கே நீல நிறத்தில் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். அதில் உட்கார்ந்து அவள் சிரித்ததைப் போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு, பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

பதினாலாவது நாள், சிக்னலில் விழுந்தாள். பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்ட இடத்துக்கும் அவள் தலைக்கும் ஒரு முழம்தான் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த வாரமே இன்னும் ரெண்டு தடவை வந்தது. ஒரு தடவை மாடிப்படியில்.

டாக்டர் அவளைத்தான் திட்டினார். "மாத்திரையை ஒழுங்கா போடுறதில்ல. மூணு வருஷம் நல்லா இருந்ததும் திமிரு வந்துடுச்சு."

"போடுறேன் டாக்டர். ஒருவேளைகூட விட்டதில்ல."

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க."

வழி நெடுக அழுதுகொண்டே வந்தாள். விழுந்ததற்கு அழவில்லை. "நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாரு அப்பா" என்று அதற்காக அழுதாள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கடையில் ஒரு நகைக்கடைத் தராசு ரிப்பேருக்கு வந்து கிடந்தது. என்ன தோன்றியதோ, மாத்திரை அட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக அதில் வைத்தேன். ஒரே அட்டை, பத்து மாத்திரை, பத்து எடை. கனமானதற்கும் லேசானதற்கும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வித்தியாசம். மூன்றை வெட்டிப் பார்த்தேன். உள்ளே சுவரில் அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

மருந்துக்கடைக்காரரிடம் போனேன். அவர் அட்டையை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். "ஸ்டிக்கர் எப்படி மின்னுது பாருங்க! இவ்வளவு மின்னுறது எப்படிங்க போலியா இருக்கும்?"

வீட்டில் அவள் அம்மா கேட்டாள். "ஏங்க, காய்கறிக்காரன் கிலோவுக்கு அஞ்சு கிராம் குறைச்சா தராசைப் பிடுங்கிட்டுப் போயிடுறாங்க. மாத்திரையில பாதியைக் காணோம். இதைக் கேக்க ஒரு ஆபீஸ் இல்லையா?"

இருக்கிறது. மூன்று மாடி.

முதல் கவுண்டரில் இருந்தவர் என் மனுவைத் தலைகீழாக ஒரு தடவை, நேராக ஒரு தடவை பார்த்தார்.

"புகார் குடுக்கிறது யாரு?"

"நான்தான் சார்."

"நீங்க மருந்து கம்பெனியா?"

"இல்ல சார். அப்பா."

அவர் படிவத்தில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். "தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி. மூணு கட்டம்தான் இருக்கு. அப்பான்னு கட்டம் இல்லையே?"

"என் பொண்ணுதான் சார் மருந்து சாப்பிடுறா. அவளுக்குத்தான் பாதிப்பு."

அவருக்கு என் அறியாமை மேல் இரக்கம் வந்துவிட்டது. முன்னால் சாய்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "போலி மருந்துன்னா என்னங்க? ஒரு கம்பெனி பேரை இன்னொருத்தன் திருடுறான். அப்ப நஷ்டம் யாருக்கு? கம்பெனிக்கு. பாதிக்கப்பட்டவர் கம்பெனி. உங்க பொண்ணு வெறும் பயனாளி. போய் கம்பெனிகிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க."

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினாள். "சார், அந்த மாத்திரை எங்களுதுன்னா அது போலி இல்ல. அது போலின்னா எங்களுது இல்ல. இதுல எதுக்கு சார் நாங்க லெட்டர் குடுக்கணும்?"

யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மறுநாள் மறுபடியும் போனேன். பலகையில் 4,019. லெட்டர் இல்லாமலே என்னை இரண்டாம் கவுண்டருக்கு அனுப்பினார்கள். முதல் கவுண்டர்காரர் அன்றைக்கு லீவு. வேறு காரணம் இல்லை.

இரண்டாம் கவுண்டர்காரர் கண்ணாடி போட்டவர். நான் நீட்டிய ஏழு மாத்திரையைப் பேனா முனையால் எண்ணினார்.

"சோதனைக்கு அறுபது வேணும். பிரிக்காத அட்டையில."

"அறுபதுன்னா ஒரு மாச மருந்து சார்."

"சரி, ஒரு மாசம் சாப்பிடாம சேத்து வெச்சுக் கொண்டாங்க."

"சாப்பிடாம இருந்தா வலிப்பு வருமே சார்?"

"போலி மாத்திரைங்கிறீங்க. சாப்பிட்டாலும்தானே வருது?" என்றார். அதற்குள் அவருக்கு இன்னொன்று உறைத்தது. "ஆமா, அட்டைக்குப் பத்து ஆச்சே. மிச்சம் மூணு எங்க?"

"வெட்டிப் பாத்தேன் சார்."

"இதுக்கு முன்னாடி வாங்கின அட்டைங்க?"

"பொண்ணு சாப்பிட்டுட்டா."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "அப்பா வெட்டியிருக்கார், பொண்ணு முழுங்கியிருக்கு. குடும்பமே சேந்து ஆதாரத்தை அழிச்சிட்டு, இங்க வந்து எங்களைக் கேள்வி கேக்குறீங்க!"

நான் திருதிருவென்று விழித்தேன். என் பின்னால் வரிசையில் நின்றவர்கள்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு எனக்கே நான் ஏதோ தப்புச் செய்துவிட்டோமோ என்று இருந்தது. ஆபீஸ் என்றால் அப்படித்தான்.

மூன்றாம் நாள் கடைசித் தடவையாகப் போய்ப் பார்ப்போம் என்று கடையிலிருந்து நேராக, டூல்ஸ் பையோடு போனேன். கண்ணாடிக்காரர் என் மனுவைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், 'தொழில்' என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"தராசு ரிப்பேரா? முதல்லயே சொல்லக் கூடாதா! உக்காருங்க, உக்காருங்க." டீ வந்தது. "எங்க சோதனைத் தராசு இருக்கில்ல, அதோட கண்ணாடிக் கதவு மூடும்போது கிறீச்சுங்குது. அடுத்த வாரம் வெளிநாட்டுக் குழு வருது. போலி மருந்தே இல்லாம ஒரு நாடு எப்படி இருக்குன்னு கத்துக்க வராங்க. அவங்க முன்னாடி கிறீச்சுன்னா அசிங்கமில்ல? ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குடுங்களேன்."

மூன்றாவது மாடியில் சோதனைச்சாலை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் அம்மா, நாற்பது நாற்பத்தைந்து வயசு இருக்கும், தனியாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். நாடு முழுக்கக் கடைகளிலிருந்து வரும் மருந்துகள் அவர் மேஜைக்குத்தான் வருகின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் ரெண்டு தட்டுத் தராசு. அழகான சரக்கு, மயிரிழை எடையைக்கூடக் காட்டும். இடது தட்டில் கம்பெனியிலிருந்து வந்த அசல் மாத்திரை. வலது தட்டில் கடையில் எடுத்த மாத்திரை. முள் நடுவில் நின்றால் பாஸ். நகர்ந்தால் அடுத்த அறைக்கு, ரசாயனச் சோதனைக்கு. அடுத்த அறையின் பூட்டு துருப்பிடித்திருந்தது. பதினோரு வருஷத்தில் ஒன்றுகூட அங்கே போக வேண்டிவரவில்லை என்று அந்த அம்மா சொன்னார்.

நான் கதவுக்கு எண்ணெய் விடக் குனிந்தேன். தராசின் நடுத்தண்டில் சிவப்பாக ஒரு ஸ்க்ரூ. அதில் நூல் கட்டி ஒரு சீட்டுத் தொங்கியது.

பெரிய தராசுகளை வண்டியில் ஏற்றி அனுப்பும்போது ஆட்டத்தில் முள் உடைந்துவிடாமல் இருக்க, தண்டை ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்கி அனுப்புவார்கள். வந்து சேர்ந்ததும் கழற்றி எறிய வேண்டும். என் தொழிலில் முதல் நாள் தெரிந்துகொள்கிற விஷயம் இது. சீட்டில் கொட்டை எழுத்தில் அதைத்தான் எழுதியிருந்தது: 'பயன்படுத்தும் முன் இந்த ஸ்க்ரூவைக் கழற்றவும்.'

"அம்மா, இது எப்பலேர்ந்து இருக்கு?"

"மெஷின் வந்த நாள்லேர்ந்து அண்ணே. அதைத் தொட்டுடாதீங்க! பாகங்கள் பட்டியல்ல அதுவும் ஒண்ணு. சிவப்புத் திருகாணி ஒன்று, சீட்டுடன். வருஷா வருஷம் வந்து எண்ணுவாங்க. நானே தினம் துணி போட்டுத் துடைக்கிறேன்."

நல்ல மனுஷி. துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். நான் இடது தட்டில் ஒரு மாத்திரையும், வலது தட்டில் என் சுத்தியலின் தலையையும் வைத்தேன். முள் நடுவில் நின்றது.

அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மெதுவாக வெளுத்தது.

சுத்தியலை எடுத்துவிட்டு நாலு சுற்றில் ஸ்க்ரூவைக் கழற்றினேன். சட்டைப் பையில் போட்டேன். இடது தட்டில் அசல் மாத்திரை, வலது தட்டில் குட்டியின் மாத்திரை. முள் டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஐயோ! முள் ஆடுது!" என்று அந்த அம்மா கத்திவிட்டார். பதினோரு வருஷத்தில் அது அசைந்து அவர் பார்த்ததே இல்லை. உடைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். விளக்கிச் சொன்னேன். உடனே அன்றைக்கு வந்த மருந்துகள் இருந்த ட்ரேயை இழுத்தார். நாற்பத்துமூன்று வகை மருந்து, எல்லாவற்றுக்கும் காலையிலேயே 'பாஸ்' சீல் குத்தியாகிவிட்டது. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். முப்பத்தொன்பதில் முள் சாய்ந்தது. ஒரு குழந்தை மருந்துக்கு, அந்தக் கோடி வரை போய் இடித்தது.

அப்புறம் அவர் தன் கைப்பையைத் திறந்தார். உள்ளே மருந்துக்கடை அட்டை ஒன்று இருந்தது. "என் வீட்டுக்காரருக்கு. நெஞ்சு வலிக்கு" என்றார். அந்த மாத்திரையின் அசலை இடது தட்டில் வைத்துவிட்டு, அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து வலது தட்டில் வைத்தார். முள் சாய்ந்தது. அவர் அதை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார். அதுவும் சாய்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கும் நான்தான் அண்ணே சீல் குத்தியிருப்பேன்" என்றார்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். மீட்டிங். நீளமான மேஜை, சுற்றிலும் பதினாலு அதிகாரிகள், தலைமாட்டில் இயக்குநர். இப்போது எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். பொன்னாடைகூடப் போர்த்துவார்கள் என்று அவள் அம்மா நல்ல சட்டையாக எடுத்துக் கொடுத்தாள். நானும் ஒரு மடையன், பழைய சட்டையிலிருந்த ஸ்க்ரூவையும் சீட்டையும் மறக்காமல் அந்தச் சட்டைக்கு மாற்றிக்கொண்டு போனேன், சாட்சிக்காக.

இயக்குநர் எழுந்தார். நல்ல குரல்.

"நண்பர்களே! நேற்றுக் காலை பதினொன்றரை மணி வரை நம் நாட்டில் போலி மருந்து கிடையாது. பதினொன்றரைக்கு இந்த மனிதர் ஒரு திருகாணியைக் கழற்றினார். பன்னிரண்டுக்குள் முப்பத்தொன்பது மருந்துகள் போலியாகிவிட்டன. அரை மணி நேரத்தில் முப்பத்தொன்பது! எந்தக் கள்ளக் கும்பலாவது இந்த வேகத்தில் வேலை செய்திருக்கிறதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார்.

"பதினோரு வருடம் ஆடாத முள்ளை நம்புவதா, அரை மணி நேரம் ஆடிய முள்ளை நம்புவதா? அனுபவம் என்று ஒன்று இல்லையா? மருந்தில் பாதி நம்பிக்கை. அந்தப் பாதியைத்தான் நாம் இங்கே தயாரிக்கிறோம். மீதிப் பாதியை யார் தயாரிக்கிறார்கள் என்பது நம் துறைக்கு வெளியே உள்ள விஷயம்."

கைதட்டல். வெள்ளைக் கோட்டு அம்மாவை எழுப்பி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள்.

"முள் ஆடிச்சு சார்," என்றார். "என் வீட்டுக்காரர் மாத்திரைக்கும் ஆடிச்சு. பதினோரு வருஷமா நாம சோதனையே பண்ணல சார்."

"அம்மாவுக்கு ஓய்வு தேவை" என்று இயக்குநர் பரிவோடு சொன்னார். அங்கேயே அவரைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றி உத்தரவு போட்டார்கள். பலகையை என்ன செய்வது என்று ஒரு விவாதம் வந்தது. விதிப்படி பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். பூஜ்யத்துக்கு இறக்கினால் எதைப் பார்க்க வருவார்கள்? பியூனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பலகையில் மாட்டியது போகக் கையில் ஒரே ஒரு பூஜ்யத் தகடுதான் இருக்கிறது, நாலு ஆணிக்கு நாலு வேண்டும் என்றார். அது போதுமான தொழில்நுட்பக் காரணம் என்று தீர்மானமாயிற்று. 4,021 மாட்டச் சொன்னார்கள்.

மீட்டிங் முடிந்ததும் இயக்குநர் என்னை மட்டும் தன் அறைக்குக் கூட்டிப்போனார். உள்ளே ஓர் இரும்பு அலமாரி. சாவி அவர் இடுப்பில் இருந்தது. திறந்தார். மேலிருந்து கீழ் வரை மருந்து. கம்பெனிகள் மாசாமாசம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அனுப்புகிற அசல் மாதிரிகள். அதிலிருந்து ரத்த அழுத்த மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"இங்க யாருமே மருந்து வெளியில வாங்குறதில்லப்பா," என்றார், சகஜமாக. "ரிஸ்க் எடுக்க முடியுமா சொல்லு? நாட்டோட மருந்துத் தரமே எங்க தலையில இருக்கு. எங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா மக்களை யாரு பாத்துக்குவா?"

அவர் தமாஷ் பண்ணவில்லை. அவர் கண்ணில் நிஜமான கவலை இருந்தது. அடப் பாவிகளா என்று வாய் வரை வந்தது.

அவர் ரெண்டாம் தட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார். குட்டியின் மாத்திரை. "உன் பொண்ணுக்கு. பத்து இருக்கு. அஞ்சு நாளைக்கு ஒரு தடவை வந்து ஒரு அட்டை வாங்கிக்க. மொத்தமா குடுத்தா நீ வரமாட்ட. வரும்போதெல்லாம் அந்தத் திருகாணி இறுக்கமா இருக்கான்னு பாத்துட்டுப் போ. இங்க யாருக்கும் அதைப் பூட்டத் தெரியாது."

அந்த வாரம் மாடிப்படியில் குட்டி விழுந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பல்லுக்கு நடுவில் நாக்கு, கண்ணில் கருமணி இல்லை. நீங்கள் பார்த்ததில்லை. அதனால் என்னை அப்புறம் திட்டுங்கள்.

மூன்றாவது மாடிக்குப் போனேன். சீட்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்க்ரூவை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். கை நடுங்கியதா என்று கேட்டால், இல்லை. முப்பது வருஷத் தொழில், கை நடுங்காது. அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

வீட்டுக்கு வந்து பத்தையும் எடை போட்டேன். பத்தும் ஒரே எடை. குட்டி சாப்பிட்டாள். வலிப்பு நின்றது. அவள் அம்மா என்னை ஏதோ சாதித்தவன் மாதிரி பார்த்தாள். ஆபீஸில் நல்லவர் ஒருத்தர் கொடுத்தார் என்று மட்டும் சொன்னேன்.

ரெண்டாம் அட்டை வாங்கப் போனபோது, கோப்பில் வைக்க மகளின் போட்டோ வேண்டும் என்று கண்ணாடிக்காரர் கேட்டார். பர்ஸில் இருந்த சைக்கிள் போட்டோவைக் கொடுத்தேன். மூன்றாம் அட்டைக்குப் போனபோது வெளிநாட்டுக் குழு வந்து போயிருந்தது. வாசலில், எண் பலகைக்குப் பக்கத்தில், இன்னொரு பலகை. அதில் ஆளுயரத்துக்கு என் மகள், நீல சைக்கிளில் சிரித்துக்கொண்டு. கீழே இப்படி எழுதியிருந்தது: 'பதினோரு ஆண்டுகளில் வந்த ஒரே புகார். அதே மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டுப் பூரண குணமடைந்தார். மருந்தை நம்புங்கள்.'

கவுண்டர் வரிசையில் ஒரு புருஷன் பெண்டாட்டி, கையில் மருந்துப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் போட்டோவைப் பார்த்தாள். படித்தாள். "நாமதான் அவசரப்பட்டுட்டோம் போலிருக்கு. வாங்க, இன்னும் ஒரு மாசம் குடுத்துப் பாப்போம்" என்று புருஷனை இழுத்துக்கொண்டு போனாள். நான் அவர்களைக் கூப்பிடவில்லை. மேலே போய் ஸ்க்ரூவைப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அவள் அம்மா துவைக்க எடுத்த என் நல்ல சட்டையிலிருந்து அந்தச் சீட்டு விழுந்தது. குட்டிதான் எடுத்துப் படித்தாள். 'பயன்படுத்தும் முன் இந்த ஸ்க்ரூவைக் கழற்றவும்.' அவள் தராசுக்காரன் மகள். அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"எந்தத் தராசுலேர்ந்து அப்பா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோவை மட்டும் சொல்லத் தைரியம் வரவில்லை.

"கழட்டினது நீங்க. திரும்பப் போட்டதும் நீங்களா?"

"ஆமாம்மா."

சாயங்கால மாத்திரை வேளை. அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

நாலாவது அட்டைக்கு, "நானும் வர்றேன்" என்றாள். வேண்டாம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. காலையில் டூல்ஸ் பையோடு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பியூன் ஸ்டூலோடு இன்னும் வந்திருக்கவில்லை. பலகையில் முந்தின நாள் எண், 4,035. அவளை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, பார்த்துத்தான் தீருவாள் என்று தெரிந்தும், கோழை மாதிரி உள்ளே ஓடினேன். ஸ்க்ரூவைப் பார்த்தேன், அட்டையை வாங்கினேன், திரும்பி வந்தேன்.

அவள் தன் போட்டோ முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் ஆள். கைக்குட்டையில் மாத்திரைகளை முடிந்து வைத்திருந்தார். அவரும் பலகையை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்து, அவளைப் பார்த்து, போட்டோவைப் பார்த்து, மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, இது நீதானே?"

"நான்தான்."

"அப்பாடா!" என்றார் அவர். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "என் பையனுக்கும் இதே மருந்துதாம்மா. ஆறு வயசு. ஒரு வாரமா விடாம வலிப்பு வருது. மாத்திரை மேல சந்தேகப்பட்டுக் கேக்க வந்தேன். உன்னைப் பாத்ததும்தான் தெம்பு வந்துச்சு. உனக்கு இதுலதானே குணமாச்சு?"

நான் ரெண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன், அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு. குட்டி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வந்து என் கையிலிருந்து அட்டையை வாங்கினாள்.

"இல்லண்ணே," என்று அவரிடம் சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "நான் சாப்பிடுறது நீங்க வெச்சிருக்கிறது இல்ல. இது உள்ள அலமாரியில பூட்டி வெச்சிருக்கிறது. அவங்க சாப்பிடுறது. உங்க மாத்திரையை உங்க பையனுக்குக் குடுக்காதீங்க."

அந்த ஆள் பேந்தப் பேந்த விழித்தார். "அப்ப இந்தப் பலகை?"

"பொய்."

மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. கண்ணாடிக்காரர் தலை தெரிந்தது. அப்புறம் இன்னொரு ஜன்னல், இயக்குநர். சும்மா இரு, பேசாமல் வீட்டுக்கு வா என்று அவள் கையைப் பிடித்து இழுக்க வேண்டும் போல எனக்கு இருந்தது. இழுக்கவும் செய்தேன். அவள் நகரவில்லை.

"அப்பா, பையில தராசு இருக்கில்ல? எடுங்க."

அப்போதுதான் பியூன் ஸ்டூலையும் 6 என்ற தகட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்டூலை வாங்கிப் போட்டாள். ரிப்பேர் முடித்துத் திருப்பிக் கொடுக்கப் பையில் வைத்திருந்த நகைக்கடைத் தராசை எடுத்து அதன் மேல் வைத்தேன். இந்தத் தடவை கை நடுங்கியது. அட்டையிலிருந்து ஓர் அசல் மாத்திரையை ஒரு தட்டில் வைத்தாள். அந்த ஆள் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, தன் மகன் மாத்திரையை இன்னொரு தட்டில் வைத்தார். முள் சாய்ந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னாலிருந்து ஓர் அம்மா, "எங்க வீட்டு மாத்திரையும் அதேதாங்க, கொஞ்சம் பாருங்க" என்று கையை நீட்டினாள். கவுண்டர் வரிசை கலைந்து ஸ்டூலைச் சுற்றி வந்துவிட்டது.

பியூன் தகட்டோடு நின்றுகொண்டிருந்தார். பலகையைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். "பூஜ்யத் தகடு ஒண்ணுதாம்மா இருக்கு" என்றார், குட்டியிடம்.

"ஒண்ணு போதும்ணே."

மாடியில் ரெண்டு ஜன்னலும் டப் டப்பென்று மூடின. யாரோ படியில் தடதடவென்று இறங்கி வரும் சத்தம் கேட்டது. குட்டி தட்டிலிருந்த அசல் மாத்திரையை எடுத்து, துடைத்து, கைக்குட்டைக்காரரிடம் கொடுத்தாள். "உங்க பையனுக்கு டாக்டர் எவ்வளவு எழுதியிருக்காரோ, அந்தக் கணக்குக்கு உடைச்சுக் குடுங்க" என்றாள். அப்புறம் அட்டையையும் அவரிடம் நீட்டி, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, இன்னும் நாலு பிதுக்கி அவர் கையில் போட்டாள்.

மீதி அட்டையை என் சட்டைப் பையில் வைத்தாள். ஐந்து மாத்திரை. அவளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு.